ஆயனர் காணாத மகள்

தொடர்கதையாக வெளிவந்து, தலைமுறைகள் கடந்தும் படிக்கப்படும் தமிழ் நாவல்களுள் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ ஒன்று. 1944 முதல் 1946 வரை ‘கல்கி’ வார இதழில் அது நான்கு பாகங்களாக வந்தது. அதன் ஆசிரியர் நம் பகுதிக்கு அயலார் அல்லர். அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியோடு தங்கி, மதுவிலக்குக்காக நடத்தப்பட்ட ‘விமோசனம்’ இதழில் பணியாற்றியவர். சேர்வராயன் மலையில் மூடுபனி இறங்கி, மாலையிலேயே கதவடைத்துக்கொள்ளும் மழைக்கால நாள்களுக்கு ஏற்ற நூல் அது.

படித்தவர்கள் மாமல்லரின் வீரத்தைப் பேசுவர். சிவகாமியின் சபதம் சரியா என்று வாதிடுவர். ஆயனச் சிற்பியையோ, ‘பாவம், வெள்ளை உள்ளம் படைத்த கலைஞர்’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடுவர். அந்த வெள்ளை உள்ளத்தைச் சற்று நின்று ஆராய வேண்டும் என்பதே என் கருத்து. ஏனெனில் நாவலின் பெருந்துயருக்கு அங்கும் ஒரு வேர் இருக்கிறது.

கலைஞரின் வீடு

காஞ்சிக்கு வெளியே, காட்டின் நடுவே ஆயனரின் வீடு. மகள் ஆடுகிறாள், தந்தை அவளது அபிநயங்களைக் கல்லில் வடிக்கிறார். கல்கியின் எழுத்தில் மிக அழகிய பக்கங்கள் இவை. மகள்மீது ஆயனருக்குப் பாசம் இல்லாமல் இல்லை, உயிரையே வைத்திருக்கிறார். ஆயினும் அவளை அபிநயமாகவும் முத்திரையாகவும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கல்லில் வடிக்க இயலாத அவளுடைய உள்ளம் எளிதில் புலப்படுவதில்லை. ‘ஆயன்’ என்றதும் நமக்கு நல்லாயன் நினைவு வரும். காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிச் சென்றவர் அவர். இந்த ஆயனரோ, தம் கையருகே இருந்த ஒன்றைத் தவறவிட்டவர்.

அவர் மனம் இருந்த இடம் வேறு. அஜந்தாச் சித்திரங்களின் வண்ணங்கள் காலம் கடந்தும் மங்காதிருப்பது எதனால்? அந்த இரகசியத்தை அறியும் வேட்கை அவரை ஆட்கொண்டிருந்தது. அதை நன்கு அறிந்தவர் நாகநந்தி பிக்ஷு. இளைஞன் பரஞ்சோதியின் கையில் கொடுத்தனுப்பிய ஓலை வண்ண இரகசியத்துக்காகச் செல்கிறது என்று ஆயனர் நம்பினார். அதில் இருந்ததோ, சளுக்க மன்னன் புலிகேசிக்கு நாகநந்தி விடுத்த செய்தி! மாறுவேடத்தில் வந்த மகேந்திர பல்லவர் வழியிலேயே அதை மாற்றியதால் நாடு அப்போதைக்குத் தப்பியது. பகைவன் கோட்டைச் சுவரை இடித்து நுழையவில்லை. ஒரு நல்ல மனிதரின் ஆசையைத் திறந்துகொண்டு நுழைந்தான்.

கொடையும் கன்றும்

விடுதலைப் பயண நூலின் 31ஆம் அதிகாரத்தில் பெட்சலேல் என்னும் கலைஞரை இறைவன் பெயர்சொல்லி அழைத்துத் தம் ஆவியால் நிரப்புகிறார். பொன்னிலும் மரத்திலும் வேலை செய்யும் திறமையை இறையாவியின் கொடை என்றே மறைநூல் கூறுகிறது. கலையை இதைவிட எவரும் உயர்த்திப் பேச இயலாது. ஆனால் அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால் அங்கே நிற்பது பொற்கன்று. அதே மக்கள், அதே பொன். வேறுபாடு கைத்திறனில் இல்லை. செய்த பொருளை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

ஆயனர் பெட்சலேலாகத் தொடங்கியவர். அவருக்கு நேர்ந்த ஆபத்தின் முழு உருவத்தை நாகநந்தியிடம் காண்கிறோம். மூன்றாம் பாகத்துக்கு ‘பிக்ஷுவின் காதல்’ என்றே பெயரிட்டார் கல்கி. துறவு ஆடைக்குள் இருக்கும் அம்மனிதர் சிவகாமியின் கலையை ஆராதிக்கிறார். அவள் வாழ்வை அழிக்கவும் துணிகிறார். தந்தையிடம் மறதியாக இருந்தது பிக்ஷுவிடம் வெறியாக முற்றுகிறது. இறைவனுக்கென்று வாழ்வை ஒப்படைத்தவர்கள் அந்தப் பாகத்தை மனக்கலக்கமின்றிப் படித்து முடிக்க இயலாது.

இங்கேதான் கல்கியோடு எனக்கு ஒரு வழக்கு. நாகநந்தியை வாசகர் வெறுக்கும்படி எழுதிய அவர், ஆயனரைக் குழந்தையாக்கித் தப்பவிடுகிறார். மகள் சிறைப்பட்டு வாதாபியில் ஒன்பது ஆண்டுகள் வாடுகிறாள். மீட்கப்பட்டுத் திரும்பும்போது மாமல்லர் மணமுடித்துப் பிள்ளைகளோடு இருக்கிறார். இவ்வளவுக்குப் பின்னும் தந்தையை நோக்கி, ‘உன் மகள் எங்கே?’ என்னும் கேள்வி அதற்குரிய கடுமையோடு எழவில்லை. கள்ளமின்மை ஒரு புண்ணியம்தான். கவனமின்மைக்கு அது போர்வையாகிவிடலாகாது.

எனினும் இறுதிக் காட்சியில் கல்கி வெல்கிறார். சிவகாமி ஏகாம்பரநாதர் சந்நிதியில் தன்னையே ஒப்படைத்து ஆடுகிறாள். அதுவரை அவளது ஆட்டம் சிற்பத்துக்கு அச்சாகவும், அரசர்களுக்கு விருந்தாகவும், பிக்ஷுவுக்கு போதையாகவும் இருந்தது. அங்கே அது காணிக்கையாகிறது. அந்த மாற்றத்தைத் தந்தை கற்றுத்தரவில்லை, துயரம் கற்றுத்தந்தது.

பங்கு என்னும் அண்டை வீட்டார்

‘சிவகாமியின் சபதம்’ வாரந்தோறும் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1945 சனவரியில், ‘டப்ளின் ரிவியூ’ என்னும் கத்தோலிக்கக் காலாண்டிதழில் ஒரு சிறுகதை வெளிவந்தது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் ‘லீஃப் பை நிகிள்’. நிகிள் என்னும் ஓவியர் ஒரு பெரிய மரத்தை வரைகிறார், முடிந்தபாடில்லை. அண்டை வீட்டுக்காரர் அடிக்கடி உதவி கேட்டு வருகிறார். முணுமுணுத்துக்கொண்டேதான் நிகிள் தூரிகையை வைக்கிறார், ஆனால் வைத்துவிடுகிறார். அண்டை வீட்டாரின் மனைவிக்காக மருத்துவரை அழைக்க மழையில் மிதிவண்டியில் போய்க் காய்ச்சலில் விழுகிறார். படம் முடியாமலே போகிறது. பின்னர் மறுவாழ்வின் நிலத்தில் அவர் காண்பது, தாம் வரைந்த அதே மரம், உயிரோடு, முழுமையாக! அதன் மிக அழகிய பகுதிகள் சில, அந்த அண்டை வீட்டுக்காரரும் சேர்ந்து உருவாக்கியவையாகத் தெரிகின்றன.

அண்டை வீட்டுக்காரரின் பெயர் பாரிஷ். தமிழில் சொன்னால், ‘பங்கு’. நம் மொழியில் அச்சொல்லுக்குத் திருச்சபைக் குடும்பம் என்றும் பொருள். பகிர்வு என்றும் பொருள். ஆயனர் தேடிய மங்காத வண்ணம் அஜந்தாவில் இல்லை. மழையில் மிதிவண்டி மிதித்த நிகிளுக்கு அது தேடாமலே கிடைத்தது.

திருத்தந்தை புனித இரண்டாம் ஜான் பால் 1999இல் கலைஞர்களுக்கு எழுதிய மடலில், எல்லாரும் கலைஞராக அழைக்கப்படவில்லை, ஆயினும் தம் வாழ்வையே ஒரு கலைப்படைப்பாக்கும் பொறுப்பு எல்லாருக்கும் உண்டு என்னும் கருத்தை வலியுறுத்தினார். ஆயனர் கல்லை முடித்தார். இப்படைப்பை முடிக்க மறந்தார்.

ஏற்காட்டுத் தோட்டங்களில் வேலை செய்வோருக்கு ஓர் உண்மை தெரியும். காப்பிச் செடிக்கு நிழல் மரம் வேண்டும். ஆனால் நிழல் மரத்தைக் கவாத்து செய்யாமல் விட்டால், அடியில் நிற்கும் செடிக்கு வெயில் கிடைக்காது, காய்ப்பும் குறையும். திறமையும் அப்படித்தான். அதற்குக் கவாத்து செய்வன அன்றாடக் கடமைகளே: நோயாளியின் அழைப்பு, மனைவியின் களைப்பு, பிள்ளையின் பேச்சு.

இம்மலையின் விடுதிப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் பெற்றோர் பிள்ளைகளை அழைத்து வருகின்றனர். பாட்டிலும் படிப்பிலும் விளையாட்டிலும் அவர்களை வடித்தெடுக்க வேண்டும் என்னும் ஆசை நல்லதே. ஆனால் விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் மதிப்பெண்ணையும் பரிசையும் கேட்குமுன், ‘உன் மனம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்போம். ஆயனர் தம் மகளிடம் காலத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.