பப்புன்யாப் பாடசாலைச் சுவர்

மத்திய அவுஸ்திரேலியாவின் பப்புன்யாவில் ஆதிக்குடியினரின் கதைகள் பாடசாலையை அடைந்தமை பற்றிப் பேசுவோர் ஆசிரியர் ஜெப்ரி பார்டனையே முன்னிறுத்துவர். அது பாதி உண்மையே. 1971இல் அங்குள்ள பாடசாலைச் சுவரில் தேன் எறும்புக் கதை தீட்டப்பட்டபோது முதலில் எழுந்தவை ஐரோப்பியப் பாணி எறும்புகள். அவை ஆதிக்குடியினரின் எறும்புகள்தாமா என அவர் வினவினார். காப்பா ஜாம்பிஜின்பா முதலியோர் தம் மரபுக் குறிகளை வரைந்தனர். வினா அவருடையது, விடையோ கதைக்கு உரியோருடையது. ஆனால் சுவர் மீது அவர்களுக்கு அதிகாரம் இருக்கவில்லை: 1974இல் ஓவியத்தின்மேல் வர்ணம் பூசப்பட்டது.

2001இல் அப்பாடசாலையின் அனங்கு ஆசிரியரும் மாணவரும் பிறருடன் இணைந்து ஆக்கிய, நிலமும் வரலாறும் பற்றிய நூல் இவ்விடத்தில் கருதற்பாலது. வெள்ளையர் வருகை அதில் தொடக்கமன்று. நிலத்தின் நெடுங்கதையில் ஓர் இடையீடே. அதனைச் சிறுவர் நூலாக மட்டும் மதிப்பிடுவோர் வரலாற்றெழுத்தாக அதற்குள்ள பெறுமதியைக் காணத் தவறுகின்றனர்.