செய்தால் போதுமா? அளக்கவும் வேண்டும்!

நூல்: ‘ஃபேப்’ (ஆங்கிலம், 2005). ஆசிரியர்: நீல் கெர்ஷன்ஃபெல்ட்.

பொறியியல் மாணவர்கள் இன்று கணிப்பொறியில் வரையக் கற்கின்றனர். திரையில் சுழலும் படத்தைக் கையில் பிடிக்கும் பொருளாக்கிப் பார்ப்பவர் எத்தனை பேர்? இக்கேள்வி எழும்போது படிக்கத்தக்க நூல் இது.

ஆசிரியர் அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர். ‘ஏறத்தாழ எதையும் செய்வது எப்படி?’ என்ற பாடத்தை 1998இல் அங்கே தொடங்கினார். சிலருக்கென அமைத்த வகுப்புக்கு ஏறக்குறைய நூறு பேர் வந்தனராம்! கணிப்பொறியில் வரைந்ததை லேசர் கதிர் வெட்டித் தருகிறது. முப்பரிமாண அச்சுப்பொறி படலத்தின் மேல் படலமாக அடுக்கிப் பொருளாக்குகிறது. வரைபடத்தில் தவறு இருந்தால் உடனே தெரிந்துவிடும். திருத்தி மீண்டும் செய்யலாம். இதுவே இம்முறையின் பெரும்பயன்.

நமக்கு மிகவும் பயன்படும் பகுதி பாபல் பற்றியது. புனே அருகிலுள்ள இவ்வூரில் டாக்டர் கல்பாக் 1983இல் விஞ்ஞான ஆசிரமத்தை நிறுவினார். 2002இல் இத்தகைய பட்டறை அங்கும் அமைந்தது. பாலின் தரத்தைச் சோதிக்கவும், டீசல் எஞ்சினைச் சீராக ஓட்டவும் மலிவான கருவிகள் அங்கே தேவைப்பட்டன. கேள்வி ஊரில் பிறந்தது. பொறி பின்னால் வந்தது.

ஆயினும் ஒரு குறை. செய்யும் மகிழ்ச்சியை விரித்துரைக்கும் ஆசிரியர், செய்ததைச் சோதிப்பதற்கு உரிய இடம் தரவில்லை. 10 மில்லிமீட்டர் என வரைந்த துளை, உருகிய பிளாஸ்டிக்கில் அச்சாகும்போது பெரும்பாலும் சற்றுச் சிறுத்தே வருகிறது. படலங்களின் நீளவாக்கில் இழுவிசையைத் தாங்கும் பொருள், குறுக்கே இழுத்தால் எளிதில் பிளக்கிறது. படலங்களுக்கு இடையிலுள்ள ஒட்டு வலுக் குறைந்தது என்பதே காரணம். வெர்னியரும் எடைக்கற்களும் இருந்தால் மாணவர் இதைத் தாமே கண்டறியலாம். அளக்காமல் செய்தால் அச்சுப்பொறி பொம்மை செய்யும் பெட்டியாகிவிடும்.

இந்நூல் வந்தபோது அச்சுப்பொறியின் விலை மிக அதிகம். முக்கியக் காப்புரிமை ஒன்று 2009இல் முடிந்தபின் விலை சரிந்தது. இன்று பள்ளிகளிலும் அதைக் காண்கிறோம். இனித் தேவை நல்ல கேள்விகளே. எங்கள் செட்டிநாட்டையே எடுத்துக்கொள்வோம். ஆத்தங்குடித் தரைக்கல் செய்பவர்கள் கண்ணாடியின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் நிறச் சாந்தை ஊற்றுகின்றனர். புதிய அச்சு ஒன்றை மாணவர்கள் வரைந்து, பிளாஸ்டிக்கில் மாதிரி செய்து, தொழிலாளரிடம் கொடுக்கட்டும். சாந்து எங்கே கசிகிறது, அச்சைத் தூக்கும்போது எந்த முனை கலைகிறது என்று அவர் சொல்வார். அதைக் கேட்டு வரையும் இரண்டாவது படத்தில்தான் பொறியியல் கல்வி தொடங்குகிறது.

நூலின் ஆங்கில நடை எளியது. கல்லூரி நூலகங்கள் வாங்கி வைக்கத் தக்கது.