மண் அட்டைக்கு முதல் ரேங்க்

2018 ஜூன் முதல் அக்டோபர் வரைக்குமான முன்னேற்றத்தை வைத்து நிதி ஆயோக் போட்ட டெல்டா தரவரிசையில், முன்னேற விழையும் மாவட்டங்களிலேயே விருதுநகருக்குத்தான் முதலிடம். இன்றைக்கும் மேடையில் மைக் கிடைத்தவர்கள் அதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. நூறு மதிப்பெண்ணில் விவசாயத்துக்கும் நீருக்கும் சேர்த்து 20. குறை சொன்னால், "ஒன்றுமே எண்ணாமல் கிடந்ததற்கு இதாவது எண்ணினார்களே" என்கிறார்கள்.

எண்ணியது நல்லதுதான். கேட்பாரற்ற மாவட்டத்தில் மாதாமாதம் கணக்குக் கேட்டார்கள். சொட்டுநீர், பயிர்க் காப்பீடு பற்றியெல்லாம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மகசூல் கணக்கையும் நான் சந்தேகிக்கவில்லை. வயலில் அளந்து கட்டம் கட்டி, அறுத்து, அடித்து, எடை போட்டுத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அது வரவு மட்டும் எழுதுகிற நோட்டு. அந்த மூட்டைக்காக மண்ணும் கிணறும் கொடுத்ததைப் பற்று வைக்க அதில் பக்கமே கிடையாது.

அதே 2018 அக்டோபர் 23-ஆம் தேதிதான் பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பேரியம் கூடாது, புகை குறைந்த பட்டாசு மட்டும் என்றார்கள். நாக்பூரிலுள்ள நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் புகையை அளந்து, துகள் 30 விழுக்காடாவது குறைய வேண்டும் என்றது. இந்த மாவட்டத்துச் சிவகாசி அந்த அளவுக்குக் கட்டுப்பட வேண்டியதாயிற்று. ஆலைக்கு வெளியே மானாவாரிப் புஞ்சையில் அந்தப் பருவம் மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றுகொண்டிருந்தது. குருத்துக்குள் மறுபடி மறுபடி மருந்தடித்து மீட்ட மூட்டையும், மருந்தே படாமல் வந்த மூட்டையும் மகசூல் ஏட்டில் ஒரே எடை. ஆட்டுக்கிடை போட்டு உரமேற்றிய கரிசலும், வருஷா வருஷம் டிஏபியிலேயே ஓட்டிய கரிசலும் ஒன்று. புஸ்வாணத்துக்குப் புகைக் கணக்கு உண்டு, வெள்ளாமைக்குக் கிடையாது.

"மண்வள அட்டை இருக்கிறதே" என்பார்கள். எனக்குப் பல வருஷக் கோபமே அதன் மேல்தான். 2015-இல் வந்த அந்த அட்டையில் 12 அளவுகள் இருக்கின்றன: தழை, மணி, சாம்பல், அங்ககக் கரிமம், துத்தநாகம், போரான் என்று. மண்வளம் காக்காமல் தீவிர சாகுபடி செய்தால் பாலைதான் மிஞ்சும் என்று எம்.எஸ். சுவாமிநாதன் 1968 ஜனவரியில் வாரணாசி அறிவியல் மாநாட்டிலேயே எச்சரித்தாரே, அந்தக் கவலைக்கு விடை தேட ஆரம்பிக்க வேண்டிய தாள் இது. தரவரிசை அதிலிருந்து எடுத்துக்கொண்டது என்ன? முதல் சுற்றில் கொடுத்த அட்டைகளோடு ஒப்பிட்டால் இரண்டாம் சுற்றில் எத்தனை கொடுத்தார்கள் என்பதை. உள்ளே இருக்கிற கரிமம் ஏறியதா இறங்கியதா என்பதற்கு அரை மார்க் கூட இல்லை. ரத்தப் பரிசோதனை ரசீதை எண்ணி ஊர் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அறிவிப்பது மாதிரி.

சரி, அட்டைகளையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. அந்த இரண்டு சுற்றுகளிலும் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி எடுத்தார்கள். மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்றுதான். பத்து ஹெக்டேர் என்றால் 25 ஏக்கர். திருச்சுழிப் பக்கம் ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர்க்காரர்கள் ஒரு டஜன் பேருக்கு ஒரே மண். கரிசல்காரருக்கும் பக்கத்துச் செவல்காரருக்கும் ஒரே எண்கள் அச்சாகி வரலாம். முதல் சுற்று மண் யார் புஞ்சையில் எடுத்தது, இரண்டாம் சுற்று மண் யார் புஞ்சையில் எடுத்தது என்பது அட்டையை வாங்கி ரேஷன் கார்டு உறைக்குள் செருகி வைத்திருக்கிறவருக்கே தெரியாது.