வாசற்கோலமும் யுங்கின் வட்டமும்

மண்டலம் வரைந்தால் மனம் ஆறும் என்று ஒரு பயிலரங்கில் அச்சிட்ட தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்தார்கள். நம் கோலமும் இதே ஆதிப்படிமம்தான் என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் இடித்தது.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1918-19இல் காலைதோறும் குறிப்பேட்டில் ஒரு வட்டச் சித்திரம் வரைந்தார். தம் அன்றைய மனநிலையை அதில் கண்டார். மனிதர் அனைவருக்கும் பொதுவான ஆழ்மனத்திலிருந்து இவ்வடிவம் தானாக எழுகிறது என்பது அவர் கொள்கை. காலை வேளை நம் வாசலோடு ஒத்துப்போகிறது. மற்றது? கோலம் தானாக எழுவதில்லை. பாட்டி சொல்லித்தர, புள்ளி எண்ணிக் கற்பது. 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடனாய்வாளர்களும் கணினி இயலுக்கான இலக்கண விதிகளையே அதிலிருந்து வகுத்தார்கள்.

மருந்துக் கணக்கும் நேராக இல்லை. அமெரிக்காவில் 2005இல் கரி, காசர் இருவரும் 84 மாணவர்களிடம் சோதித்தபோது, மண்டலத்துக்கு வண்ணம் தீட்டியவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. லுங்கிக் கட்டம் மாதிரியான படத்துக்குத் தீட்டியவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவே குறைந்தது! 2012இல் வேறிருவர் திரும்பச் செய்தபோது மண்டலம் முந்தியது. வட்டம் ஆற்றுகிறதா, வரம்புள்ள வேலை ஆற்றுகிறதா என்ற வழக்கு அப்படியே நிற்கிறது.

அந்தத் தாளை வேலந்தாவளத்தில் அத்தையிடம் காட்டினேன். "கோடெல்லாம் அவங்களே போட்டுட்டாங்களே, எனக்கென்னடா வேலை?" என்றார்.

அவர் மாமியார் இறந்தபோது பதினாறு நாள் வாசல் வெறுமனே கிடந்தது. யாரும் கேட்கவில்லை, வெறும் வாசலே சேதி சொல்லிவிட்டது. பதினேழாம் நாள் விடியலில் சாணம் தெளித்துச் சின்னதாக ஒரு கோலம். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "போட்டாச்சுங்களா அக்கா? காப்பி குடிக்க வாங்க" என்று கூப்பிட்டார். அத்தை அன்றுதான் தெருவுக்கு இறங்கினார். யுங்கின் வட்டம் வரைபவரைத் தமக்குள் திருப்புகிறது. இதுவோ தெருவைப் பார்த்துப் போட்டது, மிதிபடுவதற்கென்றே போட்டது. ஆதிப்படிமம் என்று பெயர் சூட்டிவிட்டால் எதிர்வீட்டுக்காரர் கணக்கில் வராமலே போய்விடுகிறார். என் சண்டை அதோடுதான்.

ஆனால் தெருவே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? எங்கள் அடுக்ககத்தில் வாசல் நாலடி. லிஃப்டுக்கு ஓடுகிறவர்கள் குனிந்து பார்ப்பதில்லை. அங்கே நாங்கள் ஒட்டியிருப்பது ஸ்டிக்கர் கோலம். அப்பா இறந்த வாரத்திலும் அது அப்படியே பளிச்சென்று இருந்தது.