பயங்கரவாதம்: வரைவிலக்கணங்கள் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

நன்னூலார் எடுத்தோதும் பத்துக் குற்றங்களுள் முதலிரண்டும் குன்றக்கூறல், மிகைபடக்கூறல் என்பன. நூலுக்கு விதித்த இவை சட்டத்துக்கும் பொருந்தும். நூலில் நேர்ந்தால் கற்போன் மயங்குவான். சட்டத்தில் நேர்ந்தால் ஒருவன் சிறைபுகுவான். 'பயங்கரவாதம்' என்ற சொல்லை இவ்வளவுகோல் கொண்டு நோக்குதல் தகும்.

1937இல் சர்வதேச சங்கத்தின் முயற்சியால் உருவான உடன்படிக்கை, அரசொன்றுக்கு எதிராகப் புரியப்படுவனவும் மக்கள் மனத்திற் பேரச்சம் விளைக்கும் நோக்குடையனவுமான குற்றச்செயல்களையே பயங்கரவாதம் என்றது. அது நடைமுறைக்கு வரவேயில்லை. பிரித்தானியாவின் 1974ஆம் ஆண்டுச் சட்டமோ 'அரசுக்கு எதிராக' என்னும் அடையின்றி, அரசியல் நோக்குக்காக வன்முறையைப் பயன்படுத்துதல் என்றது; பொதுமக்களையோ அவருள் ஒரு பகுதியினரையோ அச்சுறுத்தும் வன்முறையையும் அதனுள் அடக்கிற்று.

இலங்கையின் 1979ஆம் ஆண்டு 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடுப்பு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் இவ்விரு வழியும் செல்லவில்லை. தன் தலைப்பிலுள்ள சொல்லை அது வரையறுக்கவே இல்லை. குற்றங்களை நிரல்படுத்துவதோடு அமைகிறது. ('தற்காலிக' என்ற பெயருடனேயே 1982இல் அது நிரந்தரமாயிற்று என்பது வேறு கதை.) தெருவோரப் பலகையின் எழுத்துகளை அதிகாரமின்றி அழித்தலும் அந்நிரலில் ஒன்று. லுணுகலைக் கடைவீதிப் பலகையில் தார் பூசும் தோட்டத்துச் சிறுவனும் கொலைஞனும் ஒரே பிரிவினுள் அடங்குவர். மிகைபடக்கூறலுக்கு வேறு உதாரணம் வேண்டா.

இச்சட்டத்தின்கீழ் அமைச்சரின் கட்டளையால் ஒருவரை 18 மாதம்வரை தடுத்துவைக்க இடமிருந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத பதவியினர்முன் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகும். அது வற்புறுத்திப் பெறப்பட்டதென நிறுவும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவரையே சாரும். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செல்லும் பெருந்தெரு மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியை அடைவது. போர்க்காலத்தில் அத்தெருவழியே வேலை தேடிச் சென்ற லயத்து இளைஞனுக்கு அச்சொல்லின் பொருளை வகுத்தவர் யார்? சட்டநூல் அன்று, சோதனைச் சாவடியில் நின்றவரே.

குன்றக்கூறலுக்கும் இம்மாவட்டமே சான்று தருகிறது. பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25இல் புகுந்த கூட்டம், அங்கு வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் 25 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. காவலுக்கு நின்ற பொலிசார் தடுத்திலர். 2003இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரணதண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு தண்டனைக்குரியார் எவரும் எஞ்சவில்லை.

இக்கொலைகள் பயங்கரவாதமா? அரசுக்கு எதிரானவை அல்லவாகையால், 1937ஆம் ஆண்டு வாசகத்தின்படி அல்ல. மக்களுள் ஒரு பகுதியினரை அச்சுறுத்தியமையால், பிரித்தானிய வாசகம் அவற்றை எளிதில் உள்ளடக்கும். நம் சட்டத்தின் கொலைப்பிரிவோ 'குறித்துரைக்கப்பட்ட ஆட்கள்' எனப்பட்ட பதவியினரையும் சாட்சிகளையுமே கருதுகிறது. முகாமில் மாண்டோர் அவ்விரு வகையிலும் சேரார். மாண்டவர்மீது ஒட்டப்பட்டிருந்த சொல் கொன்றவரைத் தீண்டவில்லை.

வரைவிலக்கணம் இறுகினால் குற்றவாளி தப்புவான் என்பார் உளர். கொலைக்கும் கொள்ளைக்கும் தண்டனைச் சட்டக்கோவை முன்னரே உண்டென்பதை அவர் மறந்தனர். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 18 மாதத்தை 12 ஆக்கிற்று. சொல்லுக்குப் பொருளை மட்டும் அதுவும் கூறவில்லை.