கேக்குக்குள்ளே டால்டா

பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் சில்லறை இல்லையென்றால் கடைக்காரர் என்ன செய்வார்? பாட்டில் மூடியைத் திருகி ஒரு மிட்டாயை எடுத்து நீட்டி, "சாக்லேட் வாங்கிக்குங்க சார்" என்பார். அதில் ஆரஞ்சு வாசனை வரும், மாங்காய் வாசனை வரும், பல்லில் ஜவ்வாக ஒட்டும். சாக்லேட் மட்டும் இருக்காது. (செல்போனில் பணம் அனுப்பும் பழக்கம் வந்த பிறகு இந்தப் பண்டமாற்று குறைந்துவிட்டது. அது வேறு சோகம்.)

தமிழில் சாக்லேட் என்றால் காகிதம் சுற்றிய எதுவும்தான். ஸ்கூலில் பிறந்தநாள் குழந்தை புது டிரஸ் போட்டுக்கொண்டு டப்பாவோடு வலம் வந்து கொடுப்பதும் சாக்லேட்தான். பாவம், கமர்கட் மட்டும் யோக்கியமாக வெல்லமும் தேங்காயுமாக இருந்துவிட்டுப் போனது. அது ஒரு நாளும் தன்னை சாக்லேட் என்று சொல்லிக்கொண்டதில்லை.

வார்த்தை இப்படி மலிவானதால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். எனக்கு நிறைய நஷ்டம். நான் பிறவி தித்திப்புப் பைத்தியம். கல்யாணப் பந்தியில் இலையின் ஓரத்தில் வைக்கிற ஜாங்கிரிக்காகவே மொய் எழுதுகிற ஜாதி. அதிலும் சாக்லேட் என்றால் கேக், மூஸ், புட்டிங், ஐஸ்க்ரீம் எந்த ரூபத்தில் வந்தாலும் சரண்டர். ஆனால் இப்போது டாக்டர், ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைப் பார்த்துவிட்டு, "வாரத்துக்கு ஒரு சின்ன துண்டு, அதுவும் நான் பார்க்காதபோது" என்று சொல்லிவிட்டார். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு துண்டு. அதில் ஒன்று சொத்தையாகப் போனாலும் எனக்கு ஒரு வாரம் போச்சு. ஆகவே இந்த விமர்சனத்தை ஒரு ரேஷன் கார்டுதாரரின் புகார் மனுவாகவே நீங்கள் படிக்கலாம்.

முதலில் அடிப்படை. காகோ கொட்டையைப் புளிக்க வைத்து, காயவைத்து, வறுத்து, அரைத்தால் கிடைக்கிற விழுதில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அதன் பெயர் காகோ பட்டர். 1828-ல் ஹாலந்தில் வான் ஹவுட்டன் குடும்பம் அதைப் பிழிந்தெடுக்க ஒரு பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியது. பிழிந்த சக்கையைப் பொடித்தால் காகோ பவுடர். பிழிந்த கொழுப்பைச் சர்க்கரையோடும் காகோவோடும் சேர்த்து அச்சில் ஊற்றலாம் என்று 1847-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை கம்பெனி கண்டுபிடித்தது. நாம் கடித்துத் தின்கிற சாக்லேட் பார் பிறந்தது அப்படித்தான். அதற்கு முன்னால் பல நூறு வருஷம் மனிதர்கள் சாக்லேட்டைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் காகோ பட்டர் ஓர் அற்புதம். சரியாகப் பதம் பண்ணினால் சுமார் 34 டிகிரி வரை கெட்டியாக இருக்கும். உங்கள் வாய்க்குள் 37 டிகிரி. அதாவது விரலில் உடையும், நாக்கில் உருகும். "வாயில போட்டா கரையுது" என்று நெய் ஒழுகும் மைசூர்பாகுக்குக் கொடுக்கிற அதே சர்ட்டிஃபிகேட்.

காகோ பட்டருக்கு விலை அதிகம். பதம் பண்ணவும் கை பழக வேண்டும். கொஞ்சம் பிசகினால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் அதைக் கழற்றிவிட்டு, பாமாயில் கொட்டை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பைப் போட்டு, காகோ பவுடரும் சர்க்கரையும் கலந்து ஒரு சரக்கு செய்கிறார்கள். பேக்கரிக்காரர்கள் மொழியில் 'காம்பவுண்ட்'. செங்கல் செங்கல்லாக வரும். உருக்கி ஊற்றினால் போதும், தானே பளபளவென்று இறுகும். நம் ஊர் வெயிலுக்கும் தாக்குப்பிடிக்கும். வாயிலும் அதே பிடிவாதம்தான். மேலண்ணத்தில் மெழுகு பூசிய மாதிரி ஒரு படலம் உட்கார்ந்துகொண்டு, வெந்நீர் குடித்தால்தான் எழுந்து போகிறது.

பாருங்கள், மைசூர்பாகில் நெய்க்குப் பதில் டால்டா போட்டால் நம் மாமிகள் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். சம்பந்தி சண்டையே வந்திருக்கிறது. அதே டால்டாவின் தம்பியைக் கேக் மேல் ஊற்றி 'சாக்லேட் ட்ரஃபிள்' என்று பெயர் எழுதிக் கொடுத்தால், மெழுகுவத்தி ஏற்றி, கைதட்டி, ஹேப்பி பர்த்டே பாடுகிறோம்.

பேக்கரிகளில் தினம் பார்க்கிற பிளாக் ஃபாரஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கு ஜெர்மனியின் கறுப்புக் காட்டுப் பெயரைத் தாங்கிய கேக். அங்கே அதன் உயிர், செர்ரியிலிருந்து காய்ச்சி வடித்த கிர்ஷ் என்ற சாராயம். ஜெர்மனியின் உணவு வழிகாட்டு நெறிகளில், கிர்ஷ் நாக்குக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். காகோவின் கசப்பு, புளிக்கிற செர்ரி, காட்டமான சாராயம், சர்க்கரை அதிகம் இல்லாத க்ரீம். நான்கும் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடிக்கிற கச்சேரி.

நம் ஊருக்கு வந்ததும் என்ன ஆச்சு? சாராயம் போனது, சரி, குழந்தைகள் சாப்பிடுகிற பண்டம். அதற்குப் பதில் சர்க்கரைத் தண்ணீர் வந்தது. பால் க்ரீம் போய்த் தாவரக் கொழுப்பில் அடித்த நுரை வந்தது. செர்ரி? மேலே சிவப்பாக உட்கார்ந்திருக்கிறதே, அது பல கடைகளில் களாக்காய் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கொட்டை எடுத்து, சாயம் ஏற்றி, பாகில் ஊறவைத்த நம் வேலியோரத்துக் களாக்காய்! எனக்குக் களாக்காய் மேல் கோபம் இல்லை. ஊறுகாயாக அது ஒரு மகாராணி. அதன் புளிப்பையும் துவர்ப்பையும் விட்டுவைத்திருந்தால், செர்ரியைவிட அதுவே நல்ல பிளாக் ஃபாரஸ்ட் ஆகியிருக்கும். நாம் அந்தப் புளிப்பைத் துரத்திவிட்டுச் சர்க்கரையைக் குடிவைத்தோம். கோபம் அங்கேதான்.

அடுத்து சாக்கோ லாவா. இதற்கு இரண்டு தகப்பன்மார்கள். பிரான்சில் லகியோல் என்ற சின்ன ஊரில் மிஷேல் ப்ரா என்ற சமையல்காரர், இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு 1981-ல் செய்தது ஒன்று. உறைய வைத்த சாக்லேட் உருண்டையை மாவுக்குள் புதைத்து அவனில் வைப்பார். வெளியே கேக் வேகும்போது உள்ளே உருண்டை உருகும். இன்னொருவர் நியூயார்க்கில் ஜான் ஜார்ஜ் வாங்கரிக்டன். 1987-ல் கேக்கை வேகும் முன்பே வெளியே எடுக்கப்போய், நடுவில் குழம்பாக நின்றதாகவும் அதையே எல்லாரும் கொண்டாடியதாகவும் அவர் தரப்புக் கதை. எனக்கு ப்ரா கட்சி. அவருடையதில் உள்ளே ஓடுவது நிஜமான சாக்லேட். மற்றதில் ஓடுவது, நாகரிகமாகச் சொன்னால், வேகாத மாவு.

அண்மையில் சென்னையில் ஒரு ரெஸ்டாரண்டில் லாவா கேட்டேன். நான்கு நிமிஷத்தில் வந்தது. மைக்ரோவேவ் உபயம். ஓரம் ரப்பர். நடுவில் ஓடியது பிரட்டில் தடவுகிற ஸ்ப்ரெட். இரண்டு ஸ்பூனோடு நிறுத்திவிட்டேன். பரிமாறிய பையன், "நல்லா இல்லையா சார்?" என்று உண்மையான கவலையோடு கேட்டான். அவனிடம் மிஷேல் ப்ராவைப் பற்றிப் பேச முடியுமா? "வயிறு ஃபுல் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

'சிஸ்லிங் பிரௌனி' பற்றி இரண்டு வரி போதும். காய்ந்த இரும்புத் தட்டில் சாக்லேட் சாஸை ஊற்றினால் அது கருகும். கருகல் புகைக்குப் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அது ஒரு விளம்பரம்.

இதற்கு நேர் எதிராக வியன்னாவைப் பாருங்கள். 1832-ல் மெட்டர்னிக் பிரபுவின் சமையலறையில் ஃப்ரான்ஸ் ஸாகர் என்ற பதினாறு வயது எடுபிடிப் பையன் செய்ததாகச் சொல்லப்படும் ஸாகர்டார்ட்டே. 'ஒரிஜினல்' என்ற பட்டம் யாருக்கு என்று ஸாகர் ஹோட்டலும் டெமெல் என்ற பேக்கரியும் கோர்ட்டுக்குப் போனார்கள். விவாதம் என்ன தெரியுமா? ஆப்ரிகாட் ஜாம் கேக்கின் நடுவிலும் இருக்க வேண்டுமா, மேல்பூச்சுக்கு அடியில் மட்டுமா? வெண்ணெயா, மார்ஜரினா? வருஷக்கணக்கில் இழுத்து 1963-ல் சமரசம். ஒரிஜினல் பட்டம் ஹோட்டலுக்குப் போனது. சாப்பிட்டவர்களில் பலர் கேக் வறட்சியாக இருப்பதாக முகம் சுளிப்பதுண்டு. பக்கத்தில் சர்க்கரை போடாத க்ரீமை வைத்துக் கொடுப்பதே அதனால்தான். இருக்கட்டும். டால்டா வகையறாவுக்காகக் கோர்ட் வரை போன ஊர் அது. மரியாதை கொடுக்கத்தான் வேண்டும்.

நம் நாக்கு மட்டமா என்ன? ஒரு நாளும் இல்லை. சுண்டைக்காய் வற்றல் குழம்பும், பாகற்காய் பிட்லையும், முதல் டிகாஷன் காபியும் ரசித்துக் குடித்து வளர்ந்த நாக்கு. அறுசுவையில் கசப்பையும் துவர்ப்பையும் கணக்கில் சேர்த்தவர்கள் நாம். நல்ல சாக்லேட்டில் இந்த இரண்டும் இருக்கின்றன, லேசான பழப் புளிப்பும் இருக்கிறது. அதில் தித்திப்பின் வேலை, கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் வேலை. பக்கத்தில் நிற்கணும், தாலி கட்டக்கூடாது. சிக்கரி கொஞ்சம் கூடினாலே தம்ளரைத் தள்ளி வைக்கிற மனிதர், சாக்லேட் கேக் விஷயத்தில் மட்டும் எதைக் கொடுத்தாலும் தலையாட்டுவதுதான் எனக்குப் புரியவில்லை. சாக்லேட் தோசை கேட்கிற குழந்தையைச் சொல்லவில்லை. வாங்கிக் கொடுக்கிற அப்பாவைச் சொல்கிறேன்.

"உலகம் பூரா இப்படித்தானே?" என்பீர்கள். ஓரளவு வாஸ்தவம். ஐரோப்பாவிலேயே சாக்லேட்டில் வேறு கொழுப்பு கலக்கலாமா என்று பல வருஷம் சண்டை. கலந்ததை 'சாக்லேட் மாற்று' என்றுதான் விற்க வேண்டும் என இத்தாலியும் ஸ்பெயினும் அடம்பிடித்தன. 2003-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அது தப்பு என்று சொல்லி, 5 சதவிகிதக் கலப்பு வென்றது. நம் நாட்டு விதியும் இப்போது 5 சதவிகிதம் வரை அனுமதிக்கிறது, லேபிளில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிறகு 2024-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் மழையும் மரநோயும் சேர்ந்து விளைச்சலைச் சாய்க்க, காகோ விலை டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டி, டிசம்பரில் பன்னிரண்டாயிரத்தையும் தொட்டது. 2025-ல் விலை நன்றாகவே இறங்கியது. ஆனால் அதே வருஷம் பிரிட்டனில் பென்குவின், க்ளப் என்ற புராதன பிஸ்கெட்டுகள் காகோவைக் குறைத்ததில், அவற்றின் மேல்பூச்சு 'சாக்லேட்' என்ற பெயரை இழந்து 'சாக்லேட் சுவை' ஆனது. கவனியுங்கள், அங்கே சரக்கு குறைந்ததும் பெயரும் குறைந்தது. நம் கேக் கடையில் லேபிளே கிடையாது, கண்ணாடிப் பெட்டிதான். அதனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்: "இது காம்பவுண்டா, கூவர்ச்சரா?" காகோ பட்டர் தாராளமாக உள்ள நிஜ சாக்லேட்டுக்குக் கூவர்ச்சர் என்று தொழில் பெயர். கேள்வி கேட்டதும் கடைக்காரர் உங்களை நிமிர்ந்து பார்ப்பார். சிலர் மழுப்புவார்கள், சிலர் சந்தோஷப்பட்டு உள்ளேயிருந்து வேறு கேக் எடுத்து வருவார்கள். இரண்டும் எனக்கு நடந்திருக்கிறது.

இத்தனைக்கும் காகோ நமக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு நிழலில் ஊடுபயிராகக் காய்க்கிறது. ஆரோவில்லில் மேசன் அண்ட் கோ 2014-லிருந்து தென்னிந்தியக் கொட்டைகளில் சாக்லேட் செய்கிறார்கள். இந்த மாதிரி பார்கள் விலை கூடுதல்தான். வாரம் ஒரு துண்டு ஆசாமிக்குக் கட்டுப்படியாகும். குறை என்னவென்றால், இந்தச் சரக்கு பாராகவே நின்றுவிடுகிறது, நம் டெஸர்ட் மெனுக்களுக்குள் அதிகம் வருவதில்லை.

மெனு திருந்தும் வரை வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். எர்வே திஸ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் கைங்கரியம். முட்டை வேண்டாம், க்ரீம் வேண்டாம். 70 சதவிகித சாக்லேட் 200 கிராம், தண்ணீர் 180 மில்லி. இரண்டையும் ஒன்றாகச் சின்னத் தீயில் உருக்கி, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து விஸ்க்கால் அடியுங்கள். சில நிமிஷத்தில் மூஸ் மாதிரி நுரைத்து நிற்கும். அதிகம் அடித்து மணல் மணலாகிவிட்டால் பதற வேண்டாம், திரும்ப உருக்கி மறுபடி ஆரம்பிக்கலாம். தண்ணீருக்குப் பதில் பாதி டிகாஷன் ஊற்றினால் இன்னும் விசேஷம். சர்க்கரை டப்பாவை மட்டும் அந்தப் பக்கம் எடுத்து வைத்துவிடுங்கள்.