ஃபாண்ட் வராமல் ஃபைல் மட்டும் வந்தால் போதுமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினியில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. ஆகவே நாமக்கல் லாரி ஆபீஸ்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டி அலுவலகங்கள், சேலத்து டி.டி.பி. சென்டர்கள், சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டிய பத்திர எழுத்தர் கடைகள் என எங்கும் பல வருடம் உழைத்த கணினிக்கு விடைகொடுக்கும் கட்டம் இது. ஃபைல்களைப் புதிய கணினிக்கு மாற்றும் வழிகளைப் பெரும்பாலும் வேகத்தை வைத்தே எடைபோடுகிறார்கள். தமிழில் வேலை நடக்கும் அலுவலகத்துக்கு அந்த அளவுகோல் போதாது. பழைய ஃபைல் புதிய கணினியில் திறந்து, தமிழ் தமிழாகவே படிக்கக் கிடைத்தால்தான் மாற்றம் முடிந்தது.

வேகக் கணக்கைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். 200 ஜி.பி. சரக்கு இருக்கிறது என்று வையுங்கள். யு.எஸ்.பி. 2.0-வில் நொடிக்கு 35 எம்.பி. போனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். யு.எஸ்.பி. 3.0 எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் நொடிக்கு 100 எம்.பி. கிடைத்தால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 35 நிமிடம். இணையம் வழியே என்றால் கூகுள் டிரைவ் இலவசமாகத் தருவது 15 ஜி.பி., ஒன்டிரைவ் 5 ஜி.பி.; பணம் கட்டினாலும் 20 எம்.பி.பி.எஸ். அப்லோடு வேகத்தில் 200 ஜி.பி. ஏற 22 மணி நேரம் வேண்டும். எனவே ஹார்ட் டிஸ்க்தான் நல்ல வழி. கட் செய்யாமல் காப்பி செய்ய வேண்டும். நடுவில் கரண்ட் போனாலும் கவலையில்லை; விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளையை மறுபடி ஓட்டினால், வந்துசேர்ந்த ஃபைல்களை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளும்.

உண்மையான சிக்கல் இதற்குப் பிறகு வருகிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைலுக்குள் தமிழ் கிடையாது. வேறு எழுத்துகளுக்குரிய எண்களே இருக்கின்றன. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது. பாமினியில் 'தமிழ்' என்ற சொல் கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். பாமினி இல்லாத கணினியில் அந்த ஐந்தும் அப்படியே கண்ணில் படும். ஒரு பைட்கூடக் குறையாமல் ஃபைல் வந்திருக்கும், ஆனால் கிரையப் பத்திர வரைவை யாராலும் படிக்க முடியாது. வேர்டு ஃபைல் என்றால் எழுத்துருவின் பெயராவது மேலே தெரியும். நோட்பேடு ஃபைலில் அந்தத் தடயமும் இல்லை. ஆகவே விண்டோஸின் ஃபாண்ட்ஸ் கோப்புறையை முதலில் எடுங்கள். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அவருடைய ஆப்டேட்டாவுக்குள் மறைந்திருக்கும். அதையும் தேடிப் பார்க்க வேண்டும்.

எழுத்துருவைக் கொண்டுவந்தால் வேலை ஓடுமே, தமிழ் எழுத்துகளுக்கே தனி எண் தரும் யூனிகோடுக்கு எதற்கு மாற வேண்டும் என்று கேட்பார்கள். பேஜ்மேக்கர் 7.0-வில் வேலை செய்யும் அச்சகத்துக்கு இந்தக் கேள்வி நியாயமானது, ஏனென்றால் அந்த மென்பொருளுக்கு யூனிகோடே தெரியாது. மற்றவர்களுக்கு அப்படியில்லை. பாமினி ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எதிரில் இருப்பவரின் போனில் அது தமிழாகத் தெரியாது. பெயரைத் தமிழில் தட்டித் தேடினாலும் கிடைக்காது. 1999-இல் டாம், டாப் குறியேற்றங்களை ஏற்ற தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடுக்கு வந்துவிட்டது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் மாற்றித் தருகின்றன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. லாரி ஆபீஸ் பட்டியலில் தமிழ்ப் பெயருக்குப் பக்கத்திலேயே டி.என். 28 என்று ஆங்கிலத்தில் வண்டி எண் இருக்கும். முழுப் பக்கத்தையும் கன்வெர்ட்டரில் போட்டால் அந்த ஆங்கில எழுத்துகளும் தமிழாகிக் குழம்பும். தமிழ்ப் பத்திகளை மட்டும் தனியே எடுத்து மாற்றுங்கள், பழைய மூலத்தை அழிக்காதீர்கள்.

இவ்வளவு தலைவலி எதற்கு, ஹார்ட் டிஸ்க்கையே குளோன் செய்துவிடலாமே என்பது சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் யோசனை. எழுத்துரு, டேலி கணக்கு மென்பொருள் எல்லாம் இருந்த இடத்திலேயே வந்துவிடும் என்ற அளவில் அது சரி. ஆனால் ஆதரவு முடிந்த பழைய விண்டோஸும் அதில் ஒட்டியிருக்கும் வைரஸும்கூட அப்படியே குடியேறும். புதிய கணினி வாங்கியதன் பலன் அதோடு போயிற்று. டேலிக்காகப் பயப்படவும் வேண்டாம். அதன் டேட்டா கோப்புறை பெரும்பாலும் டாக்குமென்ட்ஸுக்குள் இருக்காது, வேறு இடத்தில் எண் பெயரிட்ட கோப்புறைகளாக இருக்கும். மென்பொருளுக்குள்ளேயே பாதையைப் பார்த்து எடுத்துவிடலாம்.

என் தீர்ப்பு: யு.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க், கூடவே எழுத்துருக் கோப்புறை. பிறகு ஒரு பத்திரம், ஒரு பில், ஒரு டேலி கம்பெனியைப் புதிய கணினியில் திறந்து பாருங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பழைய கணினியை விற்றாலும் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள்.